யூரியா பெருமாளும் என் மாமாவின் தாடியும்

என் அக்கா செங்கமலத்தைக் கட்டியவர் பெயர் தாண்டவராயன். அவசரத்துக்கென்றே பிறந்த மனுஷன். அவர் மகள் சசிரேகா பிறந்தபோது நடந்ததைச் சொன்னால் போதும், ஆள் எப்படிப்பட்டவர் என்று விளங்கிவிடும். அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. இவர் வாசலில் டிவிஎஸ் ஃபிப்டியை உதைத்துக் கிளப்பினார். "கெட்டியா புட்ச்சிக்கோ, செங்கமலம்" என்றார். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கித் திரும்பிப் பார்த்தால் பின்சீட்டில் ஆள் இல்லை. அக்கா இன்னும் வீட்டு வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கடைசியில் யாரோ புண்ணியவான் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனான்.

நான் சுப்பராயன். சேரப்பணஞ்சேரியில் வீடு. கம்பெனி வேன் ஓட்டுகிறேன். வல்லம் வடகாலுக்கும் ஒரகடத்துக்கும் ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குகிற பிழைப்பு. அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் பிள்ளைப்பாக்கத்தைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது. நடுவில் வேனை ஓரங்கட்டிவிட்டு அவள் கையால் ஒரு டீ குடித்துவிட்டுப் போவது வழக்கம். அப்படிப் போய்ப் போய்த்தான் இந்த மனுஷனோடு நானும் மாரடிக்க வேண்டியதாயிற்று.

2006-ல் ஊர்ப்பக்கம் கம்பெனிக்கு நிலம் எடுக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. பொறு, விலை ஏறும் என்று ஊரே சொன்னது. முதல் கையெழுத்து எங்கள் மாமாவுடையது. அடுத்த வருஷம் அதே இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்தார். நீலச் சட்டை, தொப்பி, விசில். தினமும் விடிந்ததும் கன்னத்தில் நுரை போட்டு மழமழவென்று சிரைத்துக்கொண்டு, கண்ணாடியில் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அக்கா உள்ளே இருந்து, "போதும்யா, கேட்டுக்குத்தான் போற, பொண்ணு பாக்கப் போவல" என்பாள்.

இவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஊர்ப் பெருமாள் கோயில் கமிட்டிக்குத் தலைவர். வைத்திருப்பது சிவன் பெயர், உழைத்தது முழுக்க பெருமாளுக்கு. கோயில் சின்னதுதான். ஆனால் பழசு. எந்த ராஜா கட்டியது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். மண்டபத்து விட்டம் பூராவும் விளக்குப் புகை ஏறி, தோசைக்கல் மாதிரி கறுப்பாகக் கிடக்கும். சுவரில் அரசமர வேர் இறங்கிவிட்டது. அரசாங்கத்தில் திருப்பணிக்குப் பணம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இவர் மனு கொடுத்து, ஆபீஸ் ஆபீஸாக அலைந்துகொண்டிருந்தார்.

2010, மாசி மாதம். ஒருநாள் நான் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். காஞ்சிபுரத்துக்குப் போயிருந்த மனுஷன் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"மச்சான், ஆர்டர் ஆயிடிச்சு! மார்ச்சு முடியறதுக்குள்ள வேலைய ஆரம்பிக்கலன்னா துட்டு திரும்பிப் பூடுமாம். வர்ற வெள்ளிக்கெயம பாலாலயம்!"

"மாமா, துட்டு கைக்கு வந்திச்சா?"

"ஆர்டர் ஆயிடிச்சுன்றேன், நீ இன்னா துட்டு துட்டுன்னுகினு?"

அங்கேதான் பிடித்தது சனி. கோயிலில் வேலை செய்ய வேண்டுமென்றால் முதலில் பாலாலயம் செய்ய வேண்டும். மூலவரின் சக்தியை ஒரு பலகையில் எழுதிய படத்துக்கு மாற்றி, வேறு இடத்தில் வைத்து, கருவறையைச் சாத்திவிடுவார்கள். வேலை முடிந்து கும்பாபிஷேகம் ஆன பிறகுதான் சாமி உள்ளே திரும்பும். அதுவரை உற்சவம் கிடையாது, கருடசேவை கிடையாது, தேங்காய் உடைப்பதுகூட அந்தப் பலகைக்கு முன்னால்தான். அதனால் எந்த ஊரிலும் பணம், ஆள், கல், மண் எல்லாம் தயாரான பிறகுதான் அதில் கை வைப்பார்கள். எங்கள் மாமாவுக்கு அதெல்லாம் எதற்கு?

ஊரில் காலியாக இருந்த ஒரே கட்டடம் சொசைட்டியின் பழைய உர குடோன். நிலமே இல்லாத ஊரில் உரம் யாருக்கு வேண்டும்? அதைக் கழுவி, மாக்கோலம் போட்டு, பெருமாளை அங்கே எழுந்தருளப் பண்ணினார்கள். மறுநாளே மேளத்தோடு கோயில் மண்டபத்தின் மேல் ஏறி, பழைய சுண்ணாம்புத் தளத்தைக் கொத்திப் போட்டார்கள். வேலை ஆரம்பித்துவிட்டது என்று ஆபீசுக்குக் காட்ட வேண்டுமாம். ஊர் பூராவும் கூடியது. பானகம் என்ன, நீர்மோர் என்ன! மாமா மேலே நின்று முதல் கொத்து கொத்தினார். கீழே நின்றவர்கள் "கோவிந்தா" போட்டார்கள். எனக்கே அன்றைக்குப் புல்லரித்துவிட்டது, பொய் சொல்வானேன்.

பங்குனியில் ஆபீசிலிருந்து ஒரு இன்ஜினியர் பார்க்க வந்தார். நல்ல மனுஷன்தான். மண்டபத்துக்குள் நின்று டார்ச் அடித்து மேலே பார்த்தார். கறுப்புக்கு நடுவே எங்கேயோ ஒரு பொட்டு சிவப்பு தெரிந்தது.

"மேல ஓவியம் இருக்குங்க. பழைய ஓவியம் இருந்தா இந்தப் பணத்துல நாங்க கை வைக்கக் கூடாது. அதுக்குத் தனிக் குழு இருக்கு, அவங்க வந்து பார்க்கணும். அதுக்குப் பணமும் வேற தலைப்புல வரணும். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

"சார், சாமிய எடுத்தாந்து வெளிய வெச்சிட்டமே!"

"யாரைக் கேட்டு வெச்சீங்க?"

அந்த அதிகாரி சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. சுவருக்கு ஒரு பணம், சித்திரத்துக்கு ஒரு பணம். இரண்டும் அரசாங்கப் பணம்தான், ஆனால் ஒன்று வருகிற வழியில் மற்றது வராது. ஆர்டர் என்பது உத்தரவு, பணம் அதற்குப் பிறகு டெண்டர், காண்ட்ராக்ட் என்று வரும். இது தெரிந்தவன் பொறுத்திருப்பான். தெரியாதவன் சாமியைக் குடோனில் வைப்பான்.

ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. புரட்டாசி சனிக்கிழமைக்கு ஜனங்கள் குடோன் வாசலில் வரிசையில் நின்றார்கள். எத்தனை கற்பூரம் காட்டினாலும் அந்த உர வாடை போகவே மாட்டேன் என்றது. தெற்கே இருந்து வந்து லைன் வீடுகளில் வாடகைக்கு இருந்த பையன்கள் ஷிப்ட் முடிந்து அந்த வழியாகத்தான் போவார்கள். திருநெல்வேலிப் பக்கத்து இசக்கியப்பன் ஒருநாள் சுண்டலை வாங்கித் தின்றுவிட்டு, "ஏ, இவரு யூரியா பெருமாள்லா! வேண்டுனது மளமளன்னு வளந்துரும் போலுக்கே" என்று சொல்லிவைத்தான். அவ்வளவுதான். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஷேர் ஆட்டோக்காரன்கூட "யூரியா பெருமாள் ஸ்டாப்பிங்கா?" என்று கேட்க ஆரம்பித்தான்.

மாமாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. டீக்கடையில் கோவிந்தம்மா என்று ஒரு வாயாடி, எல்லார் எதிரிலும், "சாமிய குடோன்ல போட்ட மவராசன் வர்றாரு, எய்ந்து நில்லுங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கே குடோனில் போய் விழுந்து வேண்டிக்கொண்டு வந்தார். பெருமாள் கருவறைக்குத் திரும்புகிற வரைக்கும் முகத்தில் கத்தி வைப்பதில்லையாம். இதிலும் அவசரம்! யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டாரா? செக்யூரிட்டி வேலையில் தாடிக்கு இடமில்லை. சூப்பர்வைசர் இரண்டு தடவை எச்சரித்தார். மூன்றாம் தடவை தொப்பியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அதே கம்பெனியில் புல் வெட்டி, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற காண்ட்ராக்டில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தார் மனுஷன். என் அக்கா அன்றைக்கு அழுத அழுகையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

"இந்தாய்யா, சாமி உன் மூஞ்சிய கேட்டுச்சா? என் வூட்டு அடுப்பு இன்னாய்யா பண்ணிச்சு உனக்கு?" என்றாள்.

"எல்லாம் ஆயிடும் செங்கமலம். தை மாசத்துக்குள்ள ஆயிடும்."

எந்த வருஷத்துத் தை என்று அவர் சொல்லவில்லை.

தாடி வளர்ந்தது. நெஞ்சு வரைக்கும் வந்தது. காஞ்சிபுரம், சென்னை என்று ஆபீசுகளுக்கு அலைந்தார். ஒரு ஆபீஸ் வாட்ச்மேன் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு, "சாமி, என் பையனுக்கு எப்ப வேலை கெடைக்கும்?" என்று கேட்டானாம். பஸ்ஸில் ஒரு அம்மா திருநீறு கேட்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாமாவும் சிரித்தார். ஆனால் டீ கிளாசைக் கீழே வைக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த முதல் வருஷ ஐப்பசியிலேயே நல்ல மழை. ஷெட்டில் வேனைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு வந்து நின்றார்.

"மச்சான், வேனு மேல கட்ற தார்ப்பாய குடு."

"எதுக்கு மாமா?"

"மண்டபம் ஒயுவுது. தளத்த கொத்திப் போட்டம் இல்ல? தண்ணி நேரா கருவறை வாசல்ல இறங்குது."

"என் லக்கேஜ் நனைஞ்சா யாரு பதில் சொல்றது?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். அந்த ஆளிடம் இல்லை என்று சொல்ல வாய் வராது, அதுதான் என் தலையெழுத்து. ஒரு தார்ப்பாய் மண்டபம் முழுக்கப் போதாது. கருவறைக்கு முன்னால் உள்ள பகுதிக்கு மட்டும் விரித்து, செங்கல் வைத்தார். காற்று அடித்தால் அதைத் தூக்கிவிடும். அப்போதெல்லாம் மேலே ஏறி அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். நாலு மழைக்காலம் அப்படித்தான் போனது.

2012 கடைசியில் அந்தத் தனிக் குழுவிலிருந்து சந்திரலேகா என்று ஒரு அம்மா வந்தார்கள். பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்கிற படிப்பு படித்தவர்கள். சாரம் கட்டி மேலே ஏறி, பஞ்சில் எதையோ தொட்டுத் தொட்டு, தார்ப்பாய்க்கு நேர் கீழே ஒரு சாண் இடத்தை மட்டும் துடைத்தார்கள். கறுப்பு விலக விலக, வளையல் போட்ட ஒரு கை தெரிந்தது. மத்துக் கயிற்றைப் பிடித்த கை. அவ்வளவுதான், மணிக்கட்டு வரைக்கும். விரல் நகத்தில் மருதாணிச் சிவப்பு.

ஊர் ஜனம் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தது. யசோதை கை என்றார் ஒருவர். "இல்ல, ராதை" என்றார் இன்னொருவர். "ராதை எங்கடா தயிர் கடைஞ்சா?" என்று ஒரு சண்டை. மாமா மட்டும் துண்டை விரித்து, மண்டபத்துத் தரையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு பார்த்தார். அன்றைக்கு எனக்கு இரண்டாம் ஷிப்ட். ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தபோதும் அப்படியே கிடந்தார்.

மாதிரி பார்த்தாயிற்று, இனி மதிப்பீடு போட்டு அனுப்பி, பணம் ஒதுக்கி வர வேண்டும், ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகலாம் என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போனார்கள்.

இந்த நேரத்தில்தான் ராஜசேகர் என்று ஒரு காண்ட்ராக்டர் வந்தான். சிரித்துச் சிரித்துப் பேசுகிறவன். ஊர்க் கூட்டத்தில் எழுந்து, "தண்ணி இறங்கி மேல ஒண்ணும் மிச்சமில்லன்னு கமிட்டில ஒரு வார்த்த சொல்லிடுங்க. ரெண்டு கோட்டு வெள்ள அடிச்சிட்டு, கீழ கிரானைட்டு போட்டு, ஆவணிக்குள்ள கும்பாபிஷேகம் பண்ணிக் குடுத்துடறேன்" என்றான்.

ஊரே கை தட்டியது. யாருக்குத்தான் ஆசை இருக்காது? மூன்று வருஷமாகப் பெருமாள் குடோனில். சசிரேகாவுக்கு வரன் வந்துகொண்டிருந்தது. "மாப்ள வூட்டுக்காரங்க வந்தா பொண்ணோட அப்பா யாருன்னு கேட்டா, இந்தச் சாமியார காட்றதா?" என்று அக்கா தினமும் புலம்பிக்கொண்டிருந்தாள். மாமா ஒரு தலையை ஆட்டினால் போதும். சாமி உள்ளே, தாடி வெளியே, தொப்பியும் திரும்பக் கிடைக்கும்.

"வேணாம்" என்றார் மாமா.

அப்புறம் பேசாத பேச்சில்லை. குடோனில் போட்டதும் நீ, இப்போது உள்ளே விடாததும் நீயா என்று அடிக்காத குறை. நான் அவரை வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். எனக்கும் ஆத்திரம்.

"பைத்தியமா மாமா உனக்கு? ஒரு சாண் கைக்கோசரம் என் அக்கா வாழ்க்கைய இன்னும் எத்தினி வருசம் இழுத்தடிப்ப?"

"மச்சான், ஒரு தபா அவசரப்பட்டேன், சாமி குடோன்ல குந்திகினு கீது. இன்னொரு தபா அவசரப்பட சொல்றியே. அந்தக் கை யாருதுன்னு தெரியாமயே வெள்ள அடிச்சிட்டா, நான் எப்டி உள்ள போயி கும்புடுவேன், சொல்லு."

பிறந்ததிலிருந்து ஓடிக்கொண்டே இருந்த மனுஷன் அன்றைக்கு நின்றார். எனக்குக் கோபம் தீரவில்லை. அவரை அங்கேயே விட்டுவிட்டு வேனை எடுத்தேன்.

அக்கா கோபித்துக்கொண்டு சேரப்பணஞ்சேரிக்கு வந்து என் வீட்டில் ஒரு வாரம் இருந்தாள். எட்டாம் நாள் அவளே, "அந்தாளு துன்னுச்சோ இல்லியோ" என்று முணுமுணுத்துக்கொண்டு வேனில் ஏறிக்கொண்டாள். சசிரேகா கல்யாணம் தாடிக்கார அப்பனோடுதான் நடந்தது. சம்பந்தி வீட்டார் அவரை ஏதோ மடத்து ஆள் என்று நினைத்துத் தனி நாற்காலி போட்டு மரியாதை செய்தார்கள். அக்காவுக்கு அதில் கொஞ்சம் பெருமை, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

2014-ல் பணம் வந்தது. பழைய ஓவியத்துக்கென்று ஒதுக்கிய பணம், கூடவே தளத்துக்கும் சுவருக்கும் நின்றுபோன பணம். சந்திரலேகா அம்மா நாலைந்து பேரோடு வந்து மண்டபத்துக்குள் மாதக்கணக்கில் வேலை செய்தார்கள். முடிகிற சமயம், ஒருநாள் நான் மட்டும் போயிருந்தபோது அந்த அம்மா சாரத்திலிருந்து இறங்கினார்கள். முகமே சரியில்லை.

"அண்ணே, உங்க மாமாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. கருவறைக்கு முன்னாடி இருக்கிற பகுதிதான் மிச்சம். மீதி மண்டபம் முழுக்க ஓவியம் இருந்திருக்கு. அடையாளம் இருக்கு. ஆனா மேல்தளத்தை உடைச்சப்புறம் மழைத்தண்ணி இறங்கி பூச்சு மொத்தமா கையோட வந்துடுது. தார்ப்பாய் மூடின இடம் மட்டும் தப்பிச்சிருக்கு. உடைக்காம விட்டிருந்தா எல்லாமே இருந்திருக்கும்."

இத்தனை வருஷம் திட்டித் தீர்த்த வாயால் அந்த அம்மாவைக் கெஞ்சினேன். "அம்மா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். மூடினத மட்டும் சொல்லுங்க. ஒடச்சத சொல்லாதீங்க. அந்தாளு தாங்க மாட்டாரு." அந்த அம்மா தலையாட்டினார்கள்.

2015 ஆனி மாதம் கும்பாபிஷேகம். விமானத்தின்மேல் கலசத்தில் தண்ணீர் ஊற்றும்போது வானத்தில் கருடன் வட்டமிட்டது என்று ஊர் சொல்கிறது. எனக்குக் கூட்டத்தில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பெருமாள் உள்ளே போய்விட்டார். கருவறைக் கதவு திறந்ததும் மாமா அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது.

பிறகு எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு கை இப்போது ஒரு பெண்ணாக ஆகியிருந்தது. யசோதைதான். அவள் தயிர் கடைகிறாள். முந்தானையைப் பிடித்துக்கொண்டு குட்டிக் கிருஷ்ணன் நிற்கிறான். பக்கத்தில் ஒரு பசு. அதற்கு அப்பால் வெறும் சுண்ணாம்பு. ஜனங்களுக்கு அதுவே போதும். "எவ்ளோ அயகு" என்று கோவிந்தம்மாவே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சந்திரலேகா அம்மாவுக்குப் பெருமாள் மாலையைப் போட்டு மரியாதை செய்தார் பட்டர். அந்த அம்மா மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்கள்: "இந்த மரியாதை எனக்கில்லைங்க. நாலு மழைக்கும் தார்ப்பாய் போட்டு மூடி வெச்சவர் இவர்தான். இவர் இல்லைன்னா இந்த யசோதை இல்லை."

ஊர் தாண்டவராயனைத் திரும்பிப் பார்த்தது. சாமியைக் குடோனில் போட்டவன் என்று சிரித்த அதே ஊர். யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே இந்த மனுஷன் இத்தனை வருஷம் முகத்தை ஒளித்துக்கொண்டு திரிந்தார்! வாங்கிக்கொள் மாமா, தலையைக் குனிந்து பேசாமல் வாங்கிக்கொள் என்று நான் மனசுக்குள் கதறுகிறேன்.

அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

"வேணாம்மா. மூடினது நான்தான். ஒடச்சதும் நான்தான். மேல அந்த வெத்து எடம் பூரா படம் இருந்துச்சு, என்னாலதான் போச்சு. மொதோ மழைல கலரு தண்ணி கீய ஓடி வந்துச்சு. நான்தான் தொடச்சேன். அன்னிலேர்ந்து எனக்குத் தெரியும்."

கை தட்டல் நின்றுவிட்டது. நான் சந்திரலேகா அம்மாவைப் பார்த்தேன். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். நாலரை வருஷமாக இந்த ஆள் இதை ஒருத்தரிடமும் சொல்லாமல் சுமந்திருக்கிறார். அவரிடம் சொல்லாதீர்கள் என்று நான் போய்க் கெஞ்சியிருக்கிறேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் அக்கா வந்தாள். புதுப் புடவை, கண்ணெல்லாம் சிவப்பு. அந்த அம்மா கையிலிருந்த மாலையை வெடுக்கென்று வாங்கினாள்.

"வாய மூடுய்யா. நீ ஒத்த ஆளா ஒடச்ச? கடப்பாரைய வூட்லேர்ந்து எடுத்தாந்து உன் கைல குட்த்தது யாரு? நானு. கீய நின்னு கோவிந்தா போட்டது யாரு? இதோ நிக்கிறாங்களே, இவங்க அத்தினி பேரும். மழைல மேல போயி குந்துனது மட்டும்தான் நீ ஒண்டியா. எந்த வூட்டு ஆம்பளையாவது வந்தானா?"

கோவிந்தம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கழுத்த நீட்டுய்யா" என்றாள் அக்கா.

அவர் நீட்டவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். அத்தனை பேர் எதிரில், தாடி நடுங்க, விசும்பி விசும்பி அழுதார். அக்கா அவசரப்படுத்தவில்லை. மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் அழுது முடிகிற வரைக்கும் கை வலிக்க நின்றாள்.